வண்டி டோட்டல் லாஸ் ஆனால் எதில் பேரம் பேசலாம்?

“பழைய வண்டி சார், மார்க்கெட்ல இவ்வளவுதான் போகும்” என்று இன்சூரன்ஸ் கம்பெனித் தரப்பில் சொன்னால் தலையாட்டாதீர்கள். பாலிசி முடியும்வரை ஐ.டி.வி. (பாலிசியில் போட்டிருக்கும் வண்டியின் மதிப்பு)தான் மார்க்கெட் விலை. டோட்டல் லாஸில் அதற்குமேல் தேய்மானம் கழிக்க இடமில்லை. நீங்களும் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி வாங்கிய பில் விலையைத் தரும் கூடுதல் கவர்) எடுத்திருந்தால் வேறு கணக்கு. பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைத்து வாங்கியவர்களுக்கு இந்த இடத்தில் வழியே இல்லை.

விபத்து எல்லையிலுள்ள வாளையாருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் தரும் புகார் ரசீதான சி.எஸ்.ஆர்., மேற்கே, கேரளத்தில் என்றால் ஸ்டேஷன் டைரிப் பதிவான ஜி.டி. என்ட்ரி. அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஐ.டி.வி. 4,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர், மீட்புச் செலவு இரண்டும் சேர்ந்து அதில் 75 சதவீதத்தை, அதாவது 3,60,000-ஐத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். இழுபறி இங்கேதான் தொடங்கும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பெரும்பாலும் தேய்மானம் கழித்த தொகையையே எடுப்பார்: பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக்குக்கு 50 சதவீதம், உலோகத்துக்கு வண்டியின் வயதுப்படி. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இருந்தால் அந்தக் கழிவு இல்லை, எல்லை சீக்கிரம் தாண்டும். மாற்ற வேண்டிய ஏப்ரன், பில்லர் போன்ற பாடி பாகங்களை எஸ்டிமேட்டில் ‘ரிப்பேர்’ என்று போட்டால் தொகை சத்தமில்லாமல் இறங்கிவிடும். வண்டியைப் பிரித்தபின் சப்ளிமென்டரி எஸ்டிமேட் போடவைத்து, படங்களோடு மெயிலில் அனுப்புங்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சால்வேஜ், அதாவது நொறுங்கிய வண்டியின் மிச்சம். பேரத்துக்கு உண்மையில் இடமிருப்பது இதில்தான். அதன் ஏல விலை 1,30,000 என்று வைத்து, அதைக் கழித்துத்தான் கம்பெனி கணக்கு முடிக்கிறது என்றால், காருக்கான கட்டாயக் கழிவு 1,000-உம் போக (1500 சிசிக்கு மேல் 2,000) கம்பெனி தருவது 3,49,000. மீதி 1,30,000-ஐ இரும்பை எடுப்பவர் தரவேண்டும். கொட்டேஷனுக்குக் கெடு உண்டு. அவர் நழுவினால் நட்டம் உங்கள் தலையில் விழலாம். ஆகவே அந்த விலைக்கு ஆள் வராவிட்டால் வித்தியாசத்தைக் கம்பெனியே தரவேண்டும் என்று சம்மதக் கடிதத்திலேயே எழுதுங்கள். வண்டியை நீங்களே வைத்துக்கொள்வதானால், ஏல விலை குறைய வேண்டும். ஆக்ரிக் கடைகள் (பழைய இரும்புக் கடைகள்) இரண்டு மூன்றில் எழுத்தில் விலை வாங்கிக் காட்டுங்கள். லோன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும்.

உயிருள்ள ஆர்.சி.யோடு இரும்பைக் கொடுக்காதீர்கள். அந்தச் சேஸிஸ் நம்பர் திருட்டு வண்டியில் ஏறினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வண்டி இனி ஓடவே ஓடாது என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும்.

தொகை சரியில்லையா? கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கொச்சி அலுவலகம். கம்பெனியின் கிளை கோவையில் இருந்தால் சென்னையிலும் கொடுக்கலாம்.