எண்ணும் எழுத்தும்: உங்கள் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சி நூலைப் புரட்டினால் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று பெயர்கள் கண்ணில் படும். பாடத் தலைப்பு போலிருக்கிறது என்று பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே அதுதான்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பையே பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை; எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் வகுப்பு ஏறிக்கொண்டே போகும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையில்லாமல் படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வகுப்புகள் வரை. அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றிலும்தான் அழுத்தம். விண்ணப்பம், கட்டணம் எதுவும் கிடையாது. அரசுப் பள்ளியில் சேர்ந்தாலே பிள்ளை திட்டத்துக்குள் வந்துவிடும்.

சரி, அரும்பு என்றால் என்ன? ஒன்றாம் வகுப்பில் தெரிந்திருக்க வேண்டியவற்றை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை அரும்பு. இரண்டாம் வகுப்பு அளவுக்கு வந்துவிட்டால் மொட்டு. மூன்றாம் வகுப்பு அளவைத் தொட்டால் மலர். பிள்ளை எந்த வகுப்பில் பெயர் பதிந்திருக்கிறது என்பது இங்கே கணக்கில் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம். ஆசிரியர் முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தெரியும் என்று சோதித்துப் பார்த்து நிலை பிரிக்கிறார். அப்புறம் பாட்டு, கதை, பொம்மலாட்டம், குச்சி, அட்டை என்று செயல்பாடுகள் வழியாக அந்தந்த நிலைக்கேற்பச் சொல்லித்தருகிறார். ஈராசிரியர் பள்ளிகளில் 1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அங்கே இந்த ஏற்பாடு இயல்பாகவே பொருந்துகிறது என்பது என் எண்ணம். (2007இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் அட்டைகளோடு படித்தவர்களுக்கு இது பாதி பழகிய சங்கதிதான்.)

நிலை பிரித்துக் கற்பிப்பதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலாளர்கள் 2000களின் தொடக்கத்தில் வடோதராவிலும் மும்பையிலும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தபோது கற்றல் கூடியது. சொல்லிக்கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர், அக்கம்பக்கத்து இளம்பெண்கள்.

கொரோனா காலக் கற்றல் இழப்பைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்டு பல நாடுகளில் கல்வி அமைப்புகளை ஆராய்ந்த 'ரைஸ்' திட்டத்தின் ஆய்வுத்தாளாக 2022இல் இது வந்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள், மொழியைவிடக் கணக்கில் அடி பலம். ஆனால் ஆறே மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகள் காரணம் என்று ஆய்வு கணக்கிட்டது. அந்தத் தன்னார்வலர்களுக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆசிரியர்களுக்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. மதிப்பீடுகளைக் கைபேசிச் செயலியில் ஏற்றுவதிலேயே பாடநேரம் கரைகிறது என்பது அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. பி.எட். மாணவர்களை அனுப்பி வகுப்பை மதிப்பிட முயன்றபோது 2023இல் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நிலையைத் தெரிந்துகொள்ளச் சோதிப்பது தேவை. சர்வர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஆசிரியர் உட்கார்ந்திருக்க, எதிரே முப்பது பிள்ளைகள் சும்மா இருப்பது தேவையில்லை. இந்த விஷயத்தில் நான் ஆசிரியர்கள் பக்கம்.

பெற்றோர் என்ன செய்யலாம்? வீட்டிலேயே ஒரு சோதனை வைக்கலாம். பிள்ளையின் சொந்தப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். மனப்பாடமாகிப் போன பாடத்தைப் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். விரலைப் பார்த்தால் அது இரண்டு வரி பின்னால் நிற்கும். வேறொரு கதைப் புத்தகமோ நாளிதழின் சிறுவர் பக்கமோ கொடுத்து நான்கு வரி படிக்கச் சொல்லுங்கள். 'மரம்', 'படம்' வருகிறதா, 'கப்பல்', 'வண்ணத்துப்பூச்சி' வந்தால் தடுக்குகிறதா என்று கவனியுங்கள். கணக்கில் 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 34 என்று விடை வந்தால் பிள்ளைக்குக் கழித்தல் தெரிகிறது, கடன் வாங்கத் தெரியவில்லை என்று பொருள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டில் ஒன்றைப் பிரித்துக் காட்டினால் சட்டென்று பிடிபடும்.

பிறகு பள்ளிக்குப் போய், "டீச்சர், எங்க பிள்ளை எந்தப் பாடத்தில் எந்த நிலையில் இருக்கிறான்? அடுத்த நிலைக்குப் போக என்ன வரவேண்டும்?" என்று கேளுங்கள். ராங்க் என்ன என்று கேட்பதைவிட இதில் பயன் அதிகம். அரும்பு என்று பதில் வந்தால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. மாதக்கணக்கில் நிலை மாறவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும், அதனால் தயங்க வேண்டியதில்லை. அங்கும் வேலை நடக்கவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.