கார்ன்ரோ என்பதற்குச் சால் பின்னல்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பில்டன் என்னும் சிற்றூரை ஒட்டிய பால்பண்ணை ஒன்றில், 1970ஆம் ஆண்டு தொடங்கி, இடையிடையே ஓய்வாண்டு விட்டு, கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா நடந்து வருகிறது. ஜூன் மாதக் கடைசியில் ஐந்து நாள் கூடாரத்தில் தங்க வேண்டும். குளிப்பதற்கான வசதி குறைவு. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. நாள்தோறும் தலைவாரத் தேவையில்லாதபடி முடியை இறுகப் பின்னிக்கொண்டு போவது அங்கே செல்லும் பெண்கள் பலரின் வழக்கம். லண்டனில் வசிக்கும் என் தங்கை மகள் முதன்முறையாக அங்கே போகவிருந்தபோது, எந்தப் பின்னல் ஏற்றது என்று விளக்கும் ஒரு தமிழ்க் கட்டுரையை எனக்கு அனுப்பி, "பெரியம்மா, இதில் எது எதுவென்றே புரியவில்லை" என்று எழுதியிருந்தாள். ‘சோளவரிசைச் சடை’, ‘பெட்டிச் சடை’, ‘ஆப்பிரிக்கச் சடைமுடி’ என்று அதில் வரிசையாக இருந்தன. இவற்றுள் ‘கார்ன்ரோ’வைக் குறிக்கும் முதலாவதைத் திரைப்பட வசன வரிகளிலும் அழகுக்குறிப்புப் பக்கங்களிலும் முன்பே பலமுறை கண்டு பொறுத்திருக்கிறேன். இம்முறை பொறுக்க முடியவில்லை.

கார்ன்ரோ என்பது ஓர் ஆங்கிலக் கூட்டுச் சொல். தானியம் என்றும் வரிசை என்றும் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்தது. தலையில் நேர்நேராக வகிடு எடுத்து, ஒவ்வொரு பகுதியின் முடியையும் மூன்று கால்களாகப் பிரித்து, அடுத்தடுத்த முடியைச் சேர்த்துக்கொண்டே, கால்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் செலுத்தி, தலைத்தோலோடு ஒட்டியபடி பின்னிச் செல்வது அது. பின்னல் புடைத்து நிற்கும். இடையே தலைத்தோல் கோடு கோடாகத் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பழமையான இந்தக் கலை, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களோடு அமெரிக்காவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் போனது.

‘சோளவரிசை’ என்று எழுதுகிறவர் அகராதியைத் திறந்து இரண்டு சொற்களுக்கும் நேர்ப்பொருள் எடுத்து ஒட்டியிருக்கிறார். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் எங்கே நின்று எதைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று அவர் பார்க்கவில்லை. பிரிட்டனில் அதன் முதற்பாதி கோதுமை முதலான எந்தத் தானியத்தையும் குறிக்கும். அமெரிக்காவில் அது மக்காச்சோளம். தமிழிலோ, அடைமொழி இல்லாத ‘சோளம்’ நம் மானாவாரி நிலத்து வெள்ளைச் சோளத்தையும் செஞ்சோளத்தையும்தான் முதலில் குறிக்கிறது. கையால் வீசி விதைத்த சோளக்காட்டில் வரிசை எங்கே இருக்கிறது? ஆக, அமெரிக்கருக்கு அச்சொல் காட்டுகிற காட்சியைத் தமிழ்ச்சொல் நமக்குக் காட்டவேயில்லை. ‘மக்காச்சோள வரிசை’ என்று திருத்தினாலும் பயனில்லை. அதைப் படிக்கும் தமிழருக்கு நினைவு வருவது கதிரில் அடுக்கடுக்காக அமைந்த முத்துகள். உடனே கட்டிகட்டியான ஏதோ ஒரு முடிச்சலங்காரம் மனத்தில் தோன்றிவிடும்.

கதிரின் முத்துகளைத்தான் ஆங்கிலச் சொல்லும் சுட்டுகிறது என்று சிலர் வாதிடலாம். அதற்கு மறுப்பு கரிபியன் தீவுகளிலேயே இருக்கிறது. அங்கும், அங்கிருந்து குடிபெயர்ந்தோர் வாழும் லண்டனிலும், இதே பின்னலைக் ‘கேன்ரோ’ என்கிறார்கள். அதாவது கரும்பு வரிசை. கரும்பில் முத்து ஏது? மக்காச்சோளம் பயிரிட்ட இடத்தில் அதன் பெயரும், கரும்புத் தோட்டத்தில் உழைத்த இடத்தில் அதன் பெயரும் இதற்கு வந்தன என்றால், பயிர் மாறிக்கொள்ளக்கூடியது, மாறாமல் நிற்பது நிலத்தில் இட்ட நேர்கோடு என்பது தெளிவாகிறது. மேலும், மக்காச்சோளம் போர்த்துகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில். பின்னலோ அதைவிடப் பன்மடங்கு பழையது. நைஜீரியாவின் யொரூபா மக்கள், பின்னல்களெல்லாம் உச்சியில் கூடி நிற்கும் ஒரு வகையைச் ‘சூக்கு’ என்று தம் சொல்லாலேயே அழைக்கிறார்கள். ஆகவே சோளத்தைத் தமிழுக்குக் கட்டாயம் இழுத்துவர வேண்டிய கடமை எதுவும் நமக்கு இல்லை.

கோட்டைத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றால், அதற்கு உழவர் வாயில் நல்ல சொல் இருக்கிறது. ஏர் போகும்போது கொழு கீறிச் செல்லும் தடம் ‘சால்’. அந்தத் தடத்திலேயே விதையை இட்டுச் செல்வது சால் விதைப்பு. பயிர் முளைத்து எழும்போது நிலம் முழுதும் நேர்கோடுகளாக நிற்கும். எனவே கார்ன்ரோவைச் ‘சால் பின்னல்’ என்பதே பொருத்தம். இதற்கு ஒரு தடையை நானே எழுப்பிப் பார்த்தேன். பாசன நிலத்தில் மேட்டைப் ‘பார்’ என்றும் பள்ளத்தைச் ‘சால்’ என்றும் சொல்வதால், புடைத்து நிற்கும் பின்னல் பாராகவும் வகிடு சாலாகவும் அல்லவா ஆகும்? அது சரியான கேள்விதான். ஆனால் ‘பார்’ என்பது உலகையும் பார்வையையும் நினைவூட்டிப் படிப்பவரைத் தடுமாறச் செய்யும். சால் விதைப்பிலோ பயிர் எழுவது சாலின் மேல்தான் என்பதால் உவமை பழுதுபடவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இதைச் சேர்த்து எழுதினால் ‘சால்பு’, ‘இன்னல்’ என்று பிரித்துப் படிக்க நேரும்; ஆகையால் இடம்விட்டு எழுத வேண்டும்.

‘சடை’யை நான் ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். வடமொழிச் சொல் என்பதற்காக மறுக்கவில்லை. அது நம் பேச்சில் ஊறிப்போன சொல். நம் பெண்களின் சடை முதுகில் தொங்குவது. நுனியில் குஞ்சலமும் நடுவில் சடைவில்லையும் ஏற்பது. தலைத்தோலோடு ஒட்டிக் கிடப்பதைச் சடை என்றால் அந்தப் படமே கலைந்துவிடுகிறது. அதோடு, சடை என்பதன் மூலப்பொருள் வாராமல் திரித்திரியாகச் செறிந்த முடி. சிவனுக்கும் சித்தருக்கும் உரியது. ‘டிரெட்லாக்ஸ்’ எனப்படும் திரிந்த கற்றைகளுக்கு அச்சொல் மிகச் சரியாகப் பொருந்தும். பின்னலுக்கும் திரிமுடிக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டால், பிரித்துவிடக்கூடிய ஒன்றுக்கும் எளிதில் பிரிக்க முடியாத ஒன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடே மறைந்துபோகிறது. ‘பின்னல்’ என்பதோ கூந்தலுக்கும் பாய்க்கும் கூடைக்கும் கிடுகுக்கும் பொதுவான, பொருள் மங்காத தமிழ்ச்சொல். நாலுகால் பின்னல், ஐந்துகால் பின்னல் என்று எண்ணிச் சொல்லும் வழக்கமும் அதற்கு இருக்கிறது.

‘பெட்டிச் சடை’யும் இதே அவசரத்தின் விளைவு. ஆங்கிலத்தில் ‘பாக்ஸ்’ என்று சொல்வது பெட்டியைக் குறித்தன்று. தலைத்தோலைச் சதுரம் சதுரமாக வகிர்ந்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் ஒரு மெல்லிய பின்னலைத் தொங்கவிடுவதைக் குறித்து. கட்டம் போட்ட சட்டை என்று நாள்தோறும் சொல்லும் நமக்குக் ‘கட்டப் பின்னல்’ என்று எழுத வராமல் போனது வருத்தத்துக்குரியது. ‘ஆப்பிரிக்கச் சடைமுடி’ இன்னும் கொடியது. கண்டாங்கியையும் பனாரசியையும் சேர்த்து ‘ஆசியத் துணி’ என்று ஒருவர் எழுதினால் நாம் எப்படி நோவோமோ அப்படித்தான் யொரூபாக்களும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மக்களும் நோவார்கள். ஒக்காய் ஓஜெய்க்கெரே என்னும் நைஜீரியப் புகைப்படக் கலைஞர் 1968 முதல் தம் நாட்டுத் தலையலங்காரங்களை மட்டுமே ஆயிரத்துக்கு நெருங்கிய படங்களாக எடுத்து வைத்தார். அத்தனையையும் ஒரு கண்டத்தின் பெயரால் மூடிவிடுவது மொழிபெயர்ப்பாகாது.

பெயரை மாற்றுவது வெறும் சொல் பற்றிய சிக்கலாக நின்றுவிடுவதும் இல்லை. 1981இல் நியூயார்க்கில், கார்ன்ரோ பின்னலுக்கு விமான நிறுவனம் விதித்த தடையை எதிர்த்து அதன் ஊழியரான ரெனே ராஜர்ஸ் என்னும் கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கு தோற்றது. ஒரு வெள்ளை நடிகை 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அப்படிப் பின்னிக்கொண்டு வந்து புகழ்பெற்ற பிறகே ராஜர்ஸ் அதைப் பின்னினார் என்ற வாதம் தீர்ப்பில் இடம்பெற்றது. இத்தகைய பின்னல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்க அமெரிக்காவின் முதல் மாநிலமாகக் கலிஃபோர்னியா முன்வந்தது 2019இல்தான். அதே மாநிலத்தில் ஏப்ரல் தோறும் நடக்கும் கோச்செல்லா இசை விழாவையொட்டி, இதே பின்னலைத் ‘திருவிழாச் சடை’ என்று புதுப் பெயரிட்டு எழுதும்போது, யாருடைய கலை என்ற செய்தி தமிழில் முற்றிலும் அழிந்துபோகிறது.

என் தங்கை மகளுக்கு நான் இவற்றையெல்லாம் எழுதவில்லை. சால் பின்னலில் வகிடுகளில் வெயில் நேரே படும் என்றும், நம்முடைய நேரான, வழுக்கும் முடியில் அது நிற்க மிக இறுக்கிப் பின்ன வேண்டியிருக்கும் என்றும், அந்த இழுவையால் நெற்றியோர முடி உதிரக்கூடும் என்றும், அக்கலை யாருடையது என்றும் எழுதினேன். அவள் இரண்டே வகிர்வாகப் பிரித்து, ‘டச்சு பிரெய்ட்’ எனப்படும் பெரிய பின்னலைப் போட்டுக்கொண்டு போனாள். பின்னும் முறை ஏறக்குறைய ஒன்றேயாயினும், ஓரத்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்துப் பருமனாகப் பின்னுவது அது. அதற்கு ‘எடுப்புப் பின்னல்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அழகுநிலையங்களில் பின்னுகிறவர்களிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வேன்.