தேர்வில் 7 வாங்கியும் விரிவுரை ஏன் புரிவதில்லை?

வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸின் கேட்டல் பகுதி ஏறத்தாழ 30 நிமிடம், 40 கேள்விகள். எதைத் தேடிக் கேட்க வேண்டும் என்பதைக் கேள்வித்தாளே முன்கூட்டிச் சொல்லிவிடும். பல்கலைக்கழக விரிவுரையில் கையில் கேள்வித்தாள் இருக்காது. ஒரு மணி நேரப் பேச்சில் எது முக்கியம், எது கிளைக்கதை என்று கேட்பவரேதான் பிரித்தாக வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள். அதனால் தேர்வில் 9-க்கு 7 வாங்கிய மாணவர் வெளிநாட்டு வகுப்பறையில் முதல் வாரமே தடுமாறுவதில் வியப்பில்லை. அவருடைய ஆங்கிலம் மோசம் என்றும் அதற்குப் பொருளில்லை. இது தெரியாமல் மறுபடி இலக்கணப் புத்தகத்தோடு உட்காருபவர்கள் ஒரு பருவத்தையே வீணாக்குகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

எங்கே தவறுகிறது என்று முதலில் பாருங்கள்

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், ஓப்பன் யேல் கோர்சஸ் ஆகிய தளங்களில் உண்மையான வகுப்பறை விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றுக்கு முழு எழுத்துவடிவமும் உண்டு. உங்கள் துறையை ஒட்டிய ஒன்றில் 3 நிமிடத் துண்டை எடுத்து, நிறுத்தாமல் ஒரே முறை கேளுங்கள். புரிந்ததை நாலைந்து வரியில் எழுதுங்கள். பிறகு எழுத்துவடிவத்தைத் திறந்து, தவறவிட்ட இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: ஒன்று, சொல்லே தெரியாது; இரண்டு, சொல் தெரியும், ஆனால் காதில் விழவில்லை; மூன்று, எல்லாச் சொல்லும் விழுந்தது, ஆனால் வாதம் நழுவிவிட்டது.

முதல் வகை பெரும்பாலும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. ஒரு பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய அளவுதான். ஆனால் அது எழுத்து நூல்களிலிருந்து திரட்டிய பட்டியல். எனவே ஒவ்வொரு சொல்லையும் அகராதியின் ஒலிப்பதிவில் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்த சொல் வகுப்பில் கைகொடுக்காது.

இரண்டாவது வகையில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை நீளும். விழாதது சுருங்கித் தேய்ந்துவிடும். ‘ஷுட் ஹேவ் பீன்’ என்று நாம் படிப்பது பேச்சில் ‘ஷுடபின்’ என்று ஓடிவிடும். ‘கேன்’ என்பது வாக்கிய நடுவில் ‘க்ன்’ ஆகிவிடும். அழுத்தமாகக் காதில் விழுவது ‘கான்ட்’ அல்லது ‘கேன்ட்’. அதன் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தேய்ந்துபோகும் என்பதால், முடியாது என்று பேராசிரியர் சொன்னதை முடியும் என்று குறித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அசைகளுக்கு ஏறத்தாழச் சம எடை கொடுத்துப் பேசும் தமிழ் போன்ற மொழிகளில் வளர்ந்த காது, இந்தத் தேய்ந்த அசைகளை எதிர்பார்ப்பதே இல்லை. சொல்லின் அழுத்தம் இடம் மாறினாலும் இதே சிக்கல்தான். ‘அனலைஸ்’ முதல் அசையில் அழுந்தும், ‘அனாலிசிஸ்’ இரண்டாவதில், ‘அனலிட்டிக்கல்’ மூன்றாவதில்.

இதற்கு மருந்து, சொல்வதெழுதுதல். 15 அல்லது 20 விநாடித் துண்டு போதும். ஐந்து முறை வரை கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தை மட்டும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே மீண்டும் கேளுங்கள். கடைசியில் பேசுபவரின் வேகத்திலேயே கூடச் சேர்ந்து சொல்லுங்கள். நாளுக்கு 10 நிமிடம் இதைச் செய்வது, வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் சப்டைட்டிலோடு வீடியோ பார்ப்பதைவிட மேல். சப்டைட்டில் திரையில் இருக்கும்வரை நீங்கள் கேட்பதைவிடப் படிப்பதே அதிகம். வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பழகுவதிலும் பெரிய பயனில்லை. தேய்ந்த ஒலி நீளுமே தவிர, தெளிவாகாது. விரிவுரைகள் நிமிடத்துக்குச் சுமார் 125 முதல் 160 சொற்கள் வேகத்தில் போகும். காது அந்த வேகத்துக்குத்தான் பழக வேண்டும்.

மூன்றாவது வகைக்கு, பேச்சின் திருப்பங்களைக் காட்டும் தொடர்களைப் பிடிக்கப் பழகுங்கள். ‘ஹேவிங் செட் தட்’ என்றால் இதுவரை சொன்னதற்கு எதிர்ப்பக்கம் வருகிறது. ‘எனிவே’ என்றால் கிளைக்கதை முடிந்து பழைய இடத்துக்குத் திரும்புகிறார். முக்கியமான கருத்து வரும்போது பெரும்பாலானவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், வேறு சொற்களில் மறுபடி சொல்வார்கள். இதைவிடவும் பலன் தருவது வகுப்புக்கு முந்தைய 20 நிமிடம். ஸ்லைடுகளையும் வாசிப்புப் பாடத்தின் தலைப்புகளையும் பார்த்து, “இன்றைக்கு இவர் எதற்குப் பதில் சொல்லப்போகிறார்?” என்று மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். தேர்வறையில் தாள் செய்த வேலையை இந்த மூன்று கேள்விகள் செய்யும்.

குறிப்பெடுக்கும்போது

1950-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறை இன்றும் நல்ல முறைதான். தாளின் வலப்புறம் அகலமான பகுதியில் குறிப்பு, இடப்புறம் குறுகிய பகுதியில் கேள்விகளும் திறவுச்சொற்களும், அடியில் சுருக்கம். இரண்டாம் மொழியில் கேட்பவர் அந்த இடப்பகுதியை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். ஏதாவது தவறினால் அங்கே ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் நேரம், அவ்வளவுதான். உடனே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். தவறிய ஒரு சொல்லைத் துரத்துபவர் அடுத்த மூன்று வாக்கியங்களை இழப்பார். ஸ்லைடில் இருப்பதை எழுதாதீர்கள், அது எப்படியும் கிடைக்கும். ஸ்லைடில் இல்லாத எடுத்துக்காட்டு, காரணம், மறுப்பு ஆகியவைதான் தாளில் ஏற வேண்டியவை.

விரிவுரையைப் பல்கலைக்கழகமே பதிவுசெய்து தருகிறதென்றால், கேள்விக்குறி போட்ட நிமிடங்களை மட்டும் அன்றைக்கே கேட்டு நிரப்புங்கள். முழுவதையும் பிறகு கேட்கலாம் என்று வைத்தால் பருவக் கடைசியில் அது மலையாகக் குவிந்திருக்கும். நீங்களாகப் பதிவுசெய்வதானால் பேராசிரியரிடம் முன்பே அனுமதி கேளுங்கள்.

செமினாரில் வாய் திறப்பது

சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் இந்த வகுப்பில்தான் மாணவர்கள் தங்களைத் தேவையில்லாமல் நொந்துகொள்கிறார்கள். உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே பொதுவாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. ஒரு சொல்லைத் தேர்ந்து வாயில் கொண்டுவரவே அதைவிட மூன்று மடங்கு நேரம் ஆகும். தாய்மொழியில் பேசுபவர்கூட, மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தன் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுவதால்தான் அந்த இடைவெளியில் நுழைகிறார். இரண்டாம் மொழியில் கேட்பதற்கே முழுக் கவனமும் போய்விட்டால், வாக்கியம் தயாராவதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போயிருக்கும். இது கூச்சம் அல்ல, நேரக் கணக்கு.

ஆகவே நுழைவுத் தொடரை யோசிக்காமலே வரும் அளவுக்கு வாயில் ஏற்றிவையுங்கள்: ‘குட் ஐ ஆட் சம்திங் ஹியர்?’ (இங்கே நான் ஒன்று சேர்க்கலாமா?), ‘கோயிங் பேக் டு த பாயின்ட் அபவுட்…’ (முன்பு பேசிய அந்தக் கருத்துக்குத் திரும்பினால்…) போல நாலைந்து போதும். அதைச் சொல்லும் நேரத்தில் உள்ளடக்கம் தயாராகும். இரண்டாவது தொடர் இன்னும் உதவும். பேச்சு நகர்ந்துவிட்ட பிறகும் பழைய இடத்துக்குத் திரும்ப அது வழி கொடுக்கிறது. வீட்டிலேயே 20 விநாடிப் பங்களிப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள்: ஒரு கருத்து, அது வாசிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற சான்று, மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. முதல் 10 நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போகப் பேச்சு சூடுபிடிக்கும், நுழைவது கடினமாகும், மனத்தில் பயமும் ஏறும்.

உட்காரும் இடமும் முக்கியம். பின்னணி இரைச்சல் தாய்மொழிக்காரரைவிட இரண்டாம் மொழியில் கேட்பவரை அதிகம் பாதிக்கும். எல்லோருடைய வாயசைவும் தெரியும் இடத்தை, ஏசி இரைச்சலும் கதவும் தள்ளி இருக்கும் இடத்தைப் பிடியுங்கள்.

உச்சரிப்பைப் பற்றிய கவலை பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. வேற்றுமொழிச் சாயல் பலமாக இருந்தும் பேச்சு முழுமையாகப் புரியலாம் என்பதை மொழி ஆய்வாளர்கள் முன்ரோவும் டெர்விங்கும் 1995-இலேயே ஆய்வில் காட்டினார்கள். சாயலை விட்டுவிடுங்கள். சொல் அழுத்தத்தையும், எங்கே நிறுத்துகிறோம் என்பதையும் சரிசெய்யுங்கள். உங்கள் பேச்சை ஒரு நிமிடம் போனில் பதிந்து கேளுங்கள். கருத்து முடியும் இடத்தில் நின்றால் கேட்பவருக்கு அது ஓய்வு. தொடரின் நடுவில் நின்றால் பொருள் உடைகிறது.

சரளத்துக்கு, கீத் மாரிஸ் 1983-இல் முன்வைத்த 4/3/2 பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், இன்னொருவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் பேச வேண்டும். கேட்பவர் மாறுவது அவசியம். அதே ஆளிடம் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவோம். பிரசன்டேஷனுக்கும் இதே வழிதான். 10 நிமிடத்துக்கு 1,200 சொற்களைத் தாண்டாதீர்கள். முழு உரையை மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்தாலும் மொத்தமும் நின்றுபோகும். தொடக்கத்தின் இரண்டு வாக்கியம், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வாக்கியங்கள், முடிவு ஆகியவை மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பிறகு வரும் கேள்வி புரியாவிட்டால் ‘சாரி?’ என்று மட்டும் கேட்காதீர்கள்; கேட்டவர் அதே சொற்களை அதே வேகத்தில் திரும்பச் சொல்வார். புரிந்த பாதியைச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: “மாதிரி அளவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது, அளவு போதாது என்கிறீர்களா, தேர்ந்த முறை சரியில்லை என்கிறீர்களா?” இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுப்பார், அதற்குள் பதில் கட்ட உங்களுக்குச் சில விநாடிகள் கிடைத்துவிடும்.