அரேஞ்ச்மென்ட்: இசைக்கோப்பு

பழகிய காதல் பிரிவுப் பாட்டொன்று புதிய வாத்தியங்களோடு ஒலிக்கும்போது, 'அரேஞ்ச்மென்ட் மாறிவிட்டது' என்கிறோம். இச்சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியின் 'ரங்' என்பதாகும். வரிசை என்பது அதன் பொருள். வரிசைப்படுத்தலைக் குறித்த அதே வினை, மொரீசியஸ் தீவில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியில் 'அரான்ஸே' என்றாகிப் பழுதான வண்டியைச் சரிசெய்வதையும் குறிக்கிறது.

இசையிலோ, மெட்டையும் வரிகளையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, எக்கருவி எப்போது நுழைய வேண்டும், எது ஒதுங்க வேண்டும், பாட்டின் வேகம் எவ்வளவு, துணைச்சுரங்கள் எவை என்று தீர்மானிப்பதே அரேஞ்ச்மென்ட். இதை 'இசையமைப்பு' என்று எழுதுவது பொருந்தாது. அது மெட்டை உருவாக்குவதையே முதன்மையாகக் குறிக்கும்.

மணிகளைக் கோத்தல் என்னும் வினையிலிருந்து வரும் 'இசைக்கோப்பு' என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பேச்சில் இது 'இசைக்கோர்ப்பு' என்று வழங்குகிறது. கணினிக் கோப்போடு மயங்குமே என்பார் உண்டு. 'பாட்டைக் கோத்தவர்' என்று வினையாக்கிச் சொன்னால் அம்மயக்கம் நீங்கிவிடும். சொல் புதிதானாலும் கருத்து பழையது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின் முழவும் நின்ற முறையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்கிறது.

பிரிவுப் பாட்டில்தான் கோப்பின் வலிமை முழுதும் வெளிப்படுகிறது. பாடகி 'க' என்னும் சுரத்தில் நிற்கிறாள் என்று கொள்வோம். சங்கராபரண ராகத்தின் சுரங்களில் அதன் கீழே ச, க, ப ஒலித்தால் மனம் தேறிவிட்டதாகத் தோன்றும், த, ச, க ஒலித்தால் அதே சுரம் கலங்கிவிடும். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் எழுதி 1974இல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்னும் பிரிவுப் பாட்டு, மென்மையான துணையோடு, நடுவே பேச்சாகவும் சில வரிகள் கொண்டு, விடைபெறும் ஒருத்தியின் கனிவாக ஒலித்தது. 1992இல் விட்னி ஹியூஸ்டன் அதைத் துணைக்கருவி எதுவுமின்றித் தொடங்கினார்; பின்னர் ஒரு கணம் எல்லாம் நின்று, முரசறைந்து, சுருதி உயர்ந்தபோது, விடைபெறல் பெருங்குரலெடுத்த இரங்கலாயிற்று. நம் திணை மரபில் சொன்னால், பாலையின் பிரிவு நெய்தலின் இரங்கலாக மாறியது என்பேன்; வரிகள் மாறவில்லை.

யுனெஸ்கோ 2014இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த மொரீசியசின் சேகா இசை இதற்கு வேறொரு வழி காட்டுகிறது. அடிமைப்பட்ட மக்களிடையே பிறந்த அவ்விசையில், தீயில் காய்ச்சி இறுக்கிய ஆட்டுத்தோல் பறையான ராவான், கரும்புப்பூத் தண்டுகளால் செய்து விதைகள் இட்ட கிலுக்கான மராவான், முக்கோணம் என்னும் உலோகக் கருவி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆறெண்ணிக்கைத் தாளத்தில் உடலை அசையச் செய்கின்றன. பிரிவைப் பாடும் தமிழ்ப் பாட்டொன்றை அத்தாளத்தில் கோத்தால், அழுகை குறையாது. அழுபவள் தனித்திருக்கவும் மாட்டாள், ஏனெனில் ராவானைச் சுற்றி ஆடுவோர் அனைவரும் அந்தத் துயரின் தாளத்திலேயே அடியெடுத்து வைப்பர்.