குறிப்பேட்டுச் சங்கேதம் பூட்டாகாது

“லர்விட் டெப்பவக்கின் ஞாலி டூஞை அறைதிய் இநுவ்விறகு.”

சில மாதங்களுக்கு முன் இந்த வரியோடு ஒரு பெண்மணி வேலூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அவருடைய தந்தை காலமாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. சட்டைப்பையில் அவர் எப்போதும் வைத்திருந்த சிறு நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒன்பது வரிகள் இருந்தன. “ஏதாவது மந்திரமாக இருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார், சார்” என்றார். தாயாரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஒரு பிற்பகலுக்குள் ஒன்பது வரிகளையும் படித்துவிட்டேன். எனக்கு ஒரு பிற்பகல் போதுமென்றால், அந்த நாட்குறிப்பைப் பேருந்தில் கண்டெடுக்கும் ஒருவனுக்கும் அது போதும். அந்தக் கவலையினால்தான், அந்த வரி எப்படித் திறந்தது என்பதை அக்குடும்பத்தாரின் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தகவல் பாதுகாப்பு ஆலோசகராகப் பழைய வடஆற்காடு மாவட்டப் பகுதி முழுவதும் சுற்றிவருபவன் என்ற முறையில், இத்தகைய மறையெழுத்துகளை நான் அடிக்கடி காண்கிறேன். ஆரணிப் பட்டுச் சேலையின் விலைச்சீட்டிலும், ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கிடங்குகளின் கணக்குப் புத்தகங்களிலும், வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிய ஏ.டி.எம். எண்களிலும் அவை இருக்கின்றன. பொன்னைப் பறி என்று சொன்ன பொற்கொல்லரின் குழூஉக்குறியை இலக்கண வகுப்பில் படித்த நமக்கு இந்தப் பழக்கம் புதியதன்று. பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கணத்தில் புரியாமல் இருந்தாலே குழூஉக்குறி தன் வேலையை முடித்துவிடும். எழுதி வைத்த தாள் அப்படியன்று; அதை எடுத்துச் செல்பவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆராயலாம்.

ஆசிரியர் கையாண்டது திறவுச்சொல் கொண்டு ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தை வைக்கும் முறை. நம் பதினெட்டு மெய்களை வரிசையாக எழுதி, அவற்றின் கீழே முதலில் ஒரு சொல்லின் மெய்களை, ஒருமுறை வந்தது மீண்டும் வராதபடி எழுத வேண்டும். பிறகு மிச்சமுள்ள மெய்களை அகரவரிசைப்படியே நிரப்ப வேண்டும். மேல்வரிசை எழுத்துக்குப் பதிலாகக் கீழ்வரிசை எழுத்தை எழுதினால் சங்கேதம் தயார். உயிரெழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் அவர் தொடவில்லை. சொல்லை மட்டும் நினைவில் வைத்திருந்தால் அட்டவணையை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்பதே இம்முறையின் வசதி. அதன் பலவீனமும் அந்த வசதிக்குள்தான் இருக்கிறது.

பதினெட்டு மெய்களை ஏறத்தாழ 64 கோடி கோடி விதமாக மாற்றி அடுக்கலாம் என்பதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை சரியானதே, ஆனால் அத்தனையையும் யாரும் முயன்று பார்ப்பதில்லை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, ஒரு மொழியில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்தே மறையெழுத்தைத் திறக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டார். ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிலிருந்து எழுதிய சங்கேதக் கடிதங்களை 1586-இல் இங்கிலாந்து அரசின் சங்கேத வல்லுநரான தாமஸ் பெலிப்ஸ் என்பவர் படித்துவிட்டதால், அடுத்த ஆண்டு அந்த அரசியின் தலை துண்டிக்கப்பட்டது. தன் கடிதத்தை யாராலும் படிக்க முடியாது என்ற நம்பிக்கையில், வெளிப்படையாக எழுதத் துணியாதவற்றை அவர் அதில் எழுதியிருந்தார். சங்கேதமே இல்லாமல் இருப்பதைவிடப் பலவீனமான சங்கேதம் அபாயமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழில் எழுதிய சங்கேதத்துக்கு, எழுத்துகளை எண்ணுவதைவிடவும் கூர்மையான கருவி ஒன்று இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்க விதிகளே அந்தக் கருவி. வல்லின மெய் எதுவும் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்காது. நின்றால் அது அடுத்த சொல்லின் முதலெழுத்துக்காக மிகுந்த ஒற்றாகவே இருக்கும். ங் என்ற மெய்க்குப் பின், ‘இங்ஙனம்’ போன்ற சில சொற்களைத் தவிர, க மட்டுமே வரும். ஆண்டுக்கணக்கில் இவ்விதிகளைக் கரும்பலகையில் எழுதிய அந்த ஆசிரியர், அவை தம் ரகசியத்தின் ஊடாகவும் தெரியும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒன்பது வரிகளில் ஏழு “இநுவ்விறகு” என்ற சொல்லில் முடிந்திருந்தன. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பவர் தம் வரியை எந்தச் சொல்லில் முடிப்பார்? இகரத்தில் தொடங்கி, நடுவில் ஒரே மெய் இரட்டித்து, உகரத்தில் முடியும் அந்தச் சொல் “இருக்கிறது” என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. அந்த ஒரு ஊகம் நான்கு எழுத்துகளைக் கொடுத்துவிட்டது: க இருக்க வேண்டிய இடத்தில் வ, ர இருக்க வேண்டிய இடத்தில் ந, த இருக்க வேண்டிய இடத்தில் க, ற மட்டும் மாறாமல் ற. இனி முதல் சொல்லைப் பாருங்கள். “லர்விட்” என்பதில் வி உண்மையில் கி. அதன் முன்னே, சங்கேதத்தில் ர் என்று நிற்கும் மெய்யை மெல்லினமான ங் என்று கொண்டால், நடுவில் “ங்கி” என்று கிடைக்கிறது. சொல்லின் இறுதியில் ட், அடுத்த சொல்லின் முதலிலும் ட. இது வல்லினம் மிகுந்த இடம். அப்படியானால் அது க, ச, த, ப என்ற நான்கில் ஒன்று. க, த இரண்டும் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் எஞ்சுவன ச, ப மட்டுமே. “வங்கிப் பெ…” என்று வாய் தானாகவே படித்துவிட்டது.

இந்த நிலையில் சொற்களை ஊகிப்பதை நிறுத்திவிட்டுத் திறவுச்சொல்லையே தேடத் தொடங்கினேன். அனுபவமில்லாதவர்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே போவார்கள். அட்டவணை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது என்று தெரிந்தவர், கிடைத்த எழுத்துகளை வரிசையில் பொருத்திப் பார்ப்பார். முதல் இரண்டு மெய்களான க, ங ஆகியவற்றின் கீழே வ, ர நிற்கின்றன. ஆகவே திறவுச்சொல் வ, ர என்ற மெய்களோடு தொடங்குகிறது. ஏழாவது மெய்யான த-வின் கீழே க நிற்கிறது. மிச்ச எழுத்துகளின் வரிசை க-விலிருந்து தொடங்க வேண்டுமாதலால், திறவுச்சொல்லில் ஆறு மெய்கள் இருக்கின்றன என்றும் க அவற்றில் இல்லை என்றும் கொள்ளலாம். ஒன்பதாவது மெய்யான ப-வின் கீழே ட நிற்கிறது. க-வுக்கும் ட-வுக்கும் நடுவே ஓர் இடம்தான் காலி. அங்கே வரக்கூடியவையோ ங, ச, ஞ என்ற மூன்று. எனவே அம்மூன்றில் இரண்டு திறவுச்சொல்லுக்குள் போயிருக்க வேண்டும். க இல்லாத சொல்லில் ங பெரும்பாலும் வராது என்பதால், உள்ளே இருப்பவை ச, ஞ. இதே கணக்கில், ர-வின் கீழே ந-வும் வ-வின் கீழே ல-வும் நிற்பதைக் கொண்டு, ப, ம, ய என்ற மூன்றில் இரண்டு திறவுச்சொல்லில் உள்ளன என்று தெரிந்தது.

64 கோடி கோடி என்று தொடங்கியது இப்போது எழுபத்திரண்டாகக் குறைந்துவிட்டது: மூன்று தேர்வுகள், ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துகளை அடுக்க இருபத்து நான்கு வழிகள். அவற்றையும் நான் எழுதிப் பார்க்கவில்லை. வ, ர, பிறகு சேர்ந்தே வரப் பிரியப்படும் ஞ்ச, கூடவே ப, ம. வேலூரில் வாழும் ஒருவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? “உங்கள் பூர்வீகம் விரிஞ்சிபுரமா, அம்மா?” என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாலாற்றங்கரையில் தாத்தா வீடு இன்னும் இருக்கிறது என்றார். அந்த ஊரின் பெயரே திறவுச்சொல்; அதிலிருந்து பிறந்த அட்டவணை இது:

க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன
வ ர ஞ ச ப ம க ங ட ண த ந ய ல ழ ள ற ன

முதல் வரி “வங்கிப் பெட்டகத்தின் சாவி பூசை அறையில் இருக்கிறது” என்று படித்தது. அட்டவணையின் வால்பகுதியைக் கவனியுங்கள்: ழ, ள, ற, ன ஆகிய நான்கும் இடம் மாறவே இல்லை. திறவுச்சொல்லில் அகரவரிசைப்படி கடைசியாக உள்ள எழுத்துக்கு அப்பால் இருப்பவை எல்லாம் தத்தம் இடத்திலேயே நின்றுவிடும். வரிசையின் முற்பகுதி எழுத்துகளால் மட்டும் அமைந்த சொல்லைத் தேர்ந்தால் பாதிச் சங்கேதம் வெட்டவெளியில் நிற்கும்.

கடைக்காரர்களின் விலைக்குறி இதைவிடவும் மெலிந்தது. பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட சொல்லை எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் இலக்கமாக்கி, கொள்முதல் விலையைச் சீட்டில் எழுதுவார்கள். பத்து இலக்கங்களை 36,28,800 விதமாகப் பொருத்தலாம். இது கணினிக்கு ஒரு பொருட்டே அன்று. கணினியும் வேண்டியதில்லை. விற்பனை விலை அதே சீட்டில் அச்சாகியிருக்கிறது, கொள்முதல் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கடைசி இடத்தில் பெரும்பாலும் சுழியமோ ஐந்தோ நிற்கும். இருபது சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்ட ஒரு வாடிக்கையாளர் அன்றிரவே அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். லாங் பஜாரில் ஒரு கடையில் மூன்று தலைமுறையாக மாறாத சொல்லை, வேலையை விட்டுப்போனவர்கள் உட்பட எல்லாப் பணியாளர்களும் அறிந்திருந்தார்கள். முதலாளி மட்டும் அதை ரகசியம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டுவிட்டு, ஒரே அட்டவணைக்குப் பதில் எழுத்துக்கு எழுத்து அட்டவணை மாறும் முறைக்குப் போகலாமா என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். விஜெனேர் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்கும் அம்முறையை உண்மையில் இத்தாலியரான பெல்லாசோ 1553-இல் வெளியிட்டார். திறவுச்சொல் திரும்பத் திரும்ப வருவதால், சங்கேதத்தில் ஒரே எழுத்துத்தொடர் மீண்டும் தோன்றும் இடைவெளிகளை அளந்தால் சொல்லின் நீளம் தெரிந்துவிடும் என்பதை 1863-இல் பிரஷ்யப் படை அதிகாரியான காசிஸ்கி அச்சிலேயே விளக்கிவிட்டார். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் வளாகத்தில் 1990-இல் நிறுவப்பட்ட கிரிப்டாஸ் சிற்பத்தின் முதலிரண்டு பகுதிகளும் இத்தகையவையே. சிற்பத்தின் பெயரைக் கொண்டே அட்டவணையை அடுக்கி, பாலிம்செஸ்ட், ஆப்சிஸ்ஸா என்ற அரிய சொற்களைத் திறவுச்சொற்களாக வைத்திருந்தும், அந்நிறுவனத்தின் டேவிட் ஸ்டைன் காகிதமும் பென்சிலும் கொண்டு அவற்றைத் திறந்தார்.

நாட்குறிப்பே வைத்துக்கொள்ளாத தலைமுறைக்கும் இது பொருந்தும். கடவுச்சொல்லில் ஆங்கில ஏ எழுத்துக்கு அட் குறி, ஓ எழுத்துக்குச் சுழியம், எஸ் எழுத்துக்கு டாலர் குறி என்று மாற்றி எழுதுவதும் எழுத்துக்குப் பதில் எழுத்து வைக்கும் சங்கேதம்தான். கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களில் இந்த மாற்றங்கள் விதிகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே நான் பரிசோதித்த அலுவலகங்களில் மீண்டும் மீண்டும் கண்டவை ரத்தினகிரி, வள்ளிமலை, ஏலகிரி, ஜலகண்டேஸ்வரர், பிள்ளைகளின் பெயர்கள், அவற்றின் பின்னால் பிறந்த ஆண்டு. ஒருவரின் ஊரும் குலதெய்வமும் குழந்தையின் பெயரும் முகநூலைப் பார்த்தாலே தெரிந்துவிடுகின்றன. மனத்துக்கு நெருக்கமான சொல் மறக்காது என்பதற்காகத்தான் அதைத் தேர்கிறோம். தேடுகிறவனும் அங்கிருந்துதான் தொடங்குகிறான்.

ஆகவே ஏ.டி.எம். எண், கணக்கு எண், கடவுச்சொல் ஆகியவற்றை நீங்களே அமைத்த சங்கேதத்தில் எழுதி வைக்க வேண்டாம். கடவுச்சொற்களைக் காக்கும் நம்பகமான செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து அதன் தலைமைக் கடவுச்சொல்லாக வையுங்கள். அந்தச் சொற்களை மனத்தால் தேராமல், அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுங்கள். முக்கியக் கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு இது சிரமம் என்றால், பெட்டகத்தின் விவரமும் பத்திரங்கள் இருக்கும் இடமும் சாதாரணத் தமிழில் எழுதிய தாளை முத்திரையிட்ட உறையில் போட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். வங்கிக் கணக்குக்கும் பெட்டகத்துக்கும் வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை இந்த வாரமே கிளையில் கேட்டுவிடுங்கள். யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

அந்த நாட்குறிப்பின் நான்காவது வரியில் ஏ.டி.எம். எண் இருந்தது. இறந்தவரின் அட்டையை வாரிசே ஆனாலும் பயன்படுத்துவது முறையன்று என்று சொல்லி, இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போகச் சொன்னேன். அந்தப் பெண்மணி நாட்குறிப்பையும் கையோடு கொண்டு போயிருந்தார். கிளையில் சான்றிதழைப் பார்த்தார்கள், வாரிசு நியமனத்தில் தாயாரின் பெயர் இருப்பதை உறுதிசெய்தார்கள், பூசை அறையில் கிடைத்த சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாட்குறிப்பை யாரும் கேட்கவில்லை.