ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்: காரை எந்த நாளில் எடுப்பது?

இத்தாலிக்குக் குடும்பத்தோடு கிளம்புபவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். விசா பேச்சு முடிந்ததும் அடுத்து வரும் கேள்வி, "வாடகைக் கார் எடுத்துக்கலாமா, ரயில்லயே போயிடலாமா?" கேட்கிற பலர் மனதுக்குள் ஏற்கெனவே காரை எடுத்துவிட்டிருப்பார்கள். ரயில் டிக்கெட்டை நான்கால் பெருக்கிப் பார்த்திருப்பார்கள், கார் வாடகை மலிவாகத் தெரிந்திருக்கும். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் காரின் செலவில் பாதி அதில் ஏறவே இல்லை.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும்தான் பார்க்கப் போகிறார்கள். இந்த மூன்றுக்கும் கார் வேண்டாம் என்பதை நான் அழுத்தியே சொல்வேன். ரோம் டெர்மினியில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஃப்ளோரன்ஸின் சான்டா மரியா நொவெல்லா நிலையம். அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டேகால் மணி நேரம் போல. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 275 கிலோமீட்டர். ரோம் நெரிசலைத் தாண்டி, சுங்கம் கட்டி, ஊருக்குள் பார்க்கிங் தேடி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். ரயிலோ ஊரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. சான்டா மரியா நொவெல்லாவிலிருந்து பெரிய தேவாலயமான துவோமோவுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான்.

அரசு நிறுவனமான ட்ரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரோசாவும், 2012 முதல் ஓடும் தனியார் ரயிலான இத்தாலோவும் இந்தத் தடத்தில் போட்டி போடுகின்றன. அதனால் முன்கூட்டியே பதிவு செய்தால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் மிக மலிவான டிக்கெட்டை வாங்கிவிட்டு ரயிலை மாற்றவோ பணத்தைத் திரும்பக் கேட்கவோ பெரும்பாலும் முடியாது. தேதி உறுதியான பிறகு வாங்குங்கள்.

சரி, காரில் அப்படி என்ன பிரச்சினை? இத்தாலியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இசட்.டி.எல். என்கிற போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா, சியெனா எனப் பழைய நகர மையம் உள்ள பல ஊர்களில் உண்டு. அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே உள்ளே போகலாம். தடுப்புக் கம்பியோ போலீஸ்காரரோ பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். தெரு முனையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். பல இடங்களில் பக்கத்திலேயே மின்பலகையும் இருக்கும். அதில் 'வார்கோ அத்திவோ' என்று எரிந்தால் கட்டுப்பாடு அந்த நேரத்தில் நடப்பில் இருக்கிறது, நுழையக் கூடாது என்று அர்த்தம். 'நோன் அத்திவோ' என்றிருந்தால் போகலாம். புது ஊரில், வலப்பக்கமாக ஓட்டிக்கொண்டு, பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கும்போது இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? கூகுள் மேப்ஸ் எல்லா இடத்திலும் எச்சரிப்பதும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து போய்வந்த ஒரு குடும்பம், ஊர் திரும்பிய பிறகு என்னிடம் வந்தது. ஃப்ளோரன்ஸ் மையத்தில் ஹோட்டல். மாலையில் காரோடு உள்ளே போயிருக்கிறார்கள், மறுநாள் பெட்ரோல் போட்டுவிட்டு மறுபடியும், அப்புறம் வழி தவறி இன்னொரு முறை. மூன்று நுழைவுக்கும் தனித்தனி அபராதம். சில வாரங்களில் வாடகை நிறுவனம் அவர்களுடைய கிரெடிட் கார்டில் மூன்று முறை பணம் எடுத்திருந்தது. அபராதம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். அது அபராதமே இல்லை. ஓட்டுநரின் விவரத்தை மாநகராட்சிக்குக் கொடுத்ததற்கான நிர்வாகக் கட்டணம். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 40, 50 யூரோ வரும். உண்மையான அபராதக் கடிதங்கள் பல மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தன. ஒரு நுழைவுக்கான அபராதம் 80 யூரோவுக்கு மேல், அனுப்பும் செலவு தனி. கூட்டிப் பார்த்தால் நான்கு பேருக்கும் ரோமிலிருந்து வெனிஸ் வரை மலிவு ரயில் டிக்கெட் எடுத்து மிச்சமும் இருந்திருக்கும். அவர்கள் சேர்த்துவைத்த பணம் இப்படிப் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடிதம் கையில் கிடைத்த 5 நாட்களுக்குள் கட்டினால் இந்த வகை அபராதத்தில் 30 சதவீதம் குறையும். 60 நாள் தாண்டினால் தொகை ஏறும். வந்ததை மூலையில் போட்டுவிடாதீர்கள்.

மண்டலத்துக்குள் இருக்கும் ஹோட்டல்கள் விருந்தினரின் வண்டி எண்ணைப் பதிவு செய்து அனுமதி வாங்கித் தருவதுண்டு. "பார்த்துக்கறோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் போகாமல், பதிவு செய்ததை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

வெனிஸில் கார் பியாட்சாலே ரோமா வரைதான் போகும். அதற்கு மேல் தண்ணீர். ஓடாமல் நிற்கிற காருக்கு வாடகையும் பார்க்கிங்கும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ரயிலில் போனால் வெனிஸ் சான்டா லூசியா வரை டிக்கெட் எடுங்கள். அதற்கு முந்தைய மெஸ்த்ரே நிலையம் தீவுக்கு வெளியே, தரைப்பகுதியில் இருக்கிறது. பெயரில் வெனிஸ் என்று இருப்பதால் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள்.

"அப்பாவுக்கு முழங்கால் வலி, ரயில் எப்படி சார் ஏறுவார்?" நியாயமான கவலை. நம் ஊர் போலப் போர்ட்டர் கிடைக்க மாட்டார், பெட்டியை நாமேதான் தூக்கி வைக்க வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டிக்கு மேல் வேண்டாம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இத்தாலியின் முக்கிய நிலையங்களில் சாலா ப்ளூ என்ற இலவச உதவிச் சேவை இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்தால் சக்கர நாற்காலியில் நடைமேடைக்கு அழைத்துப்போய், தேவைப்பட்டால் லிஃப்ட் வைத்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கார் யோசனையைக் கைவிட்ட குடும்பங்கள் பல. வேலைநிறுத்தம் மட்டும் இத்தாலிய ரயிலில் அடிக்கடி வரும் தொல்லை. பெரும்பாலும் முன்பே அறிவித்துவிடுவார்கள், பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் காருக்கு எதிரி இல்லை. ஃப்ளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி பகுதியின் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டியும் உள்ள பியென்சா, மொந்தால்சினோ, மொன்டேபுல்சியானோ போன்ற மலையூர்களுக்கு ரயிலை நம்பிப் போக முடியாது, பேருந்தும் குறைவு. பண்ணை வீட்டில் இரண்டு நாள் தங்கி, நினைத்த வளைவில் வண்டியை நிறுத்தி, கோதுமை வயலையும் சைப்ரஸ் மர வரிசையையும் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் காரைத் தவிர வழியில்லை. அங்கே தாராளமாக எடுங்கள். ஆனால் ரோமில் இறங்கிய அன்றே வேண்டாம். ஃப்ளோரன்ஸை நடந்து பார்த்து முடித்துவிட்டு, டி2 டிராமில் விமான நிலையம் போய், அங்கே காரை எடுத்து அப்படியே கிராமப்புறம் கிளம்புங்கள். பழைய நகர மையத்துக்குள் நுழைய வேண்டிய தேவையே வராது. திரும்ப வந்து அதே இடத்தில் விட்டால், வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும் இல்லை. மலையூர்களிலும் கோட்டை வாசலுக்கு வெளியே உள்ள பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போங்கள், அங்கேயும் இசட்.டி.எல். உண்டு.

அந்த இரண்டு நாளுக்கும் தாள்கள் சரியாக இருக்க வேண்டும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இத்தாலியில் தேவை. ஓராண்டு செல்லும். அதை மட்டும் எடுத்துப்போனால் போதாது, அசல் உரிமமும் கையில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். வைப்புத்தொகையாக ஒரு பெரிய தொகையை அதில் முடக்கிவைப்பார்கள், டெபிட் கார்டைப் பல கவுன்டர்களில் வாங்குவதில்லை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், அங்கே கியர் வண்டிகள்தான் அதிகம். 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், அதற்கும் நாள் வாடகை உண்டு. காப்பீடு இருந்தாலும் சேதத்தின் முதல் பகுதியை நாம்தான் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தொகை எவ்வளவு, டயரும் கண்ணாடியும் காப்பீட்டில் சேர்த்தியா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

சாவியை வாங்கியதும் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், சக்கர விளிம்புகளும் கூரையும் அதில் தெரியட்டும். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று. இரண்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு வருடத்துக்காவது பத்திரமாக வைத்திருங்கள்.