உயிர்ப் பல்வகைமையும் கண்காணிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மணற்காடு என்ற ஊரின் சவுக்கங்காட்டுக்குள் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மரம்தான். ஆனால் எல்லாம் சவுக்கு. யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரைக்குப் போனால் கண்டல் நிற்கும், கண்ணா நிற்கும், கொஞ்சம் தள்ளித் தில்லை நிற்கும். மரங்கள் குட்டைதான், பல இடங்களில் ஐதாகவும் நிற்கின்றன. மர எண்ணிக்கையில் சவுக்கங்காடு வெல்லும். விதத்தை எண்ணினால் கடல்நீரேரிக் கரை வெல்லும். 'பயோடைவேசிற்றி' என்ற சொல் பேசுவது இந்த இரண்டாவது கணக்கை.

சொல் மிகவும் இளையது. வாழ்வு என்று பொருள்படும் கிரேக்க 'பயோஸ்' முன்னே, வேறுபாட்டைக் குறிக்கும் இலத்தீன் வேர் பின்னே. முன்பு இரண்டு சொற்களாக நீட்டிச் சொல்லப்பட்டதை, 1986இல் வாஷிங்டனில் நடந்த கூட்டத்துக்கான ஏற்பாடுகளின்போது அமெரிக்க உயிரியலாளர் வால்டர் ரோசன் ஒன்றாகச் சுருக்கினார். அந்தக் கூட்டத்தின் கட்டுரைகளை உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் தொகுத்து 1988இல் நூலாக வெளியிட்டார். 1992இல் ரியோ டி ஜெனீரோ மாநாட்டில் இதைக் காப்பதற்கான உலக நாடுகளின் உடன்படிக்கை வந்ததும் சொல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் பல்லுயிர், பல்லுயிரியம் என்கிறார்கள். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்' என்று குறளிலேயே இருக்கிற சொல். அழகும் பழமையும் அதற்கு உண்டு. ஆனால் பல்லுயிர் என்றால் பல உயிர்கள். ஆயிரம் சவுக்கும் பல உயிர்தானே? அங்கே செய்தித்தாள்கள் எழுதும் 'பல்லுயிர் பெருக்கம்' இன்னும் சிக்கல். பெருக்கம் என்றதும் தொகை கூடுவதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

இலங்கையில் எங்கள் பாடப்புத்தகங்களில் படித்த 'உயிர்ப் பல்வகைமை'யே எனக்குச் சரியாகப் படுகிறது. பழகிய பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. பல், வகை, மை என்று பிரித்துப் பாருங்கள். வகை என்பது வேறுபாட்டைப் பிடிக்கிறது. மை அதை ஒரு தன்மையாக்குகிறது. 'பன்மை' இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும், ஆனால் அதை இலக்கணம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

வகை என்ற சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ரியோ உடன்படிக்கை இனங்களுக்கு உள்ளே இருக்கும் வேறுபாடு, இனங்களுக்கு இடையிலான வேறுபாடு, சூழல் தொகுதிகளின் வேறுபாடு மூன்றையுமே இதற்குள் அடக்குகிறது. கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் ஒரே இனம், இரண்டும் மாமரம். ஆனாலும் எங்கள் வீட்டுக் குழந்தைகூட ருசி பார்த்து வேறு வகை என்று சொல்லிவிடும். பாலை, வீரை, முதிரை மரங்கள் வேறு வேறு இனங்கள். வன்னிப் பெருநிலத்துக் காடும் கடல்நீரேரிக் கரையின் கண்டற்காடும் வேறு வேறு தொகுதிகள். மூன்று படியிலும் 'வகை' என்று சொன்னால் பொருந்துகிறது. 'பல்லுயிர்' முதற்படியில், அந்த மாம்பழத்திலேயே இடறிவிடும்.

அடுத்தது, காட்டு ஆய்வில் இதனோடு சேர்ந்தே வரும் 'மொனிற்றரிங்'. எச்சரித்தல், நினைவூட்டல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் கண்காணிப்பு. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களைக் குறிக்க 'கண்காணி' வருகிறது. மலையகத் தோட்டங்களில் தொழிலாளர்களை வேலை வாங்கிய 'கங்காணி'யும் இதே சொல்தான். அந்த வரலாற்றின் கசப்பை நினைத்தால், மரத்துக்கும் பறவைக்கும் இந்தச் சொல் வேண்டுமா என்று சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. 'அவதானிப்பு' மென்மையானது. ஆனால் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் ஒரு நாள் பூநாரைக் கூட்டத்தைக் கண்டு குறித்துவைப்பது அவதானிப்பு. அன்று தலை எண்ணினால் கணக்கெடுப்பு. வருடா வருடம் அதே பருவத்தில், அதே இடத்தில், அதே முறையில் எண்ணி, முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் கண்காணிப்பு. திரும்பத் திரும்பப் போவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இலங்கையின் தென்மேற்கில் உள்ள சிங்கராஜ மழைக்காட்டில் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, 1 சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள ஒவ்வொரு தண்டுக்கும் இலக்கமிட்டு, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பிப் போய் அளக்கிறார்கள். எது செத்தது, எது புதிதாக முளைத்தது, எந்த இனம் ஒதுங்கிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் இரண்டாவது அளவையில்தான் தெரியத் தொடங்கும். ஒரு இனம் அருகுவது முன்கூட்டியே தெரிந்தால்தான் காப்பாற்ற நேரம் கிடைக்கும். இலத்தீன் வேரில் இருந்த எச்சரிக்கை அங்கே திரும்பவும் உயிர் பெறுகிறது. எங்கள் கண்டற்காடுகளுக்கும் அப்படி ஒரு தொடர்ந்த கணக்கு வேண்டும் என்பது என் ஆசை.

எழுதும்போது ஒன்று: 'உயிர் பல்வகைமை' என்று ப் என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். உயிரினது பல்வகைமை என்று விரிவதால் உயிர்ப்பலி போலவே இங்கும் ப் மிகும். சேர்த்தும் எழுதலாம்: உயிர்ப்பல்வகைமை.